காஜாங்கைக் கடக்கும் ஆற்றின் மறுமுனை: கப்பல்களுக்கு வழி காட்டிய ஜுக்ரா

காஜாங்கிற்குச் சாத்தே சாப்பிட வருகிறவர்கள், பட்டணத்துப் பாலத்தைக் கடக்கும்போது கீழே ஓடும் லங்காட் ஆற்றை ஒருமுறை எட்டிப் பார்ப்பதோடு சரி. பெருமழை நாளில் பயம், மற்ற நாளில் கலங்கிய தண்ணீர். அதற்குமேல் அந்த ஆற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் ரயிலும் தார்ச்சாலையும் வருவதற்கு முன்பு இந்தப் பகுதிக்கு ஆறுதான் சாலை. ஈயமும் காட்டுப் பொருள்களும் படகேறிக் கீழே போயின. உப்பும் அரிசியும் துணியும் படகேறி மேலே வந்தன. 'காஜாங்' என்ற மலாய்ச் சொல்லுக்கே படகின்மேல் வேயும் ஓலைக்கூரை என்றொரு பொருள் உண்டு. ஊர்ப் பெயருக்கு வேறு கதைகளும் சொல்லப்படுகின்றன என்றாலும், ஆற்றங்கரை ஊருக்கு இந்தப் பொருள் பொருந்தாமல் இல்லை.

உலு லங்காட்டில் நுவாங் மலைப் பக்கம் பிறக்கும் இந்த ஆறு, காஜாங், பாங்கி, டிங்கில் வழியாக வந்து, செமினி ஆற்றையும் லாபு ஆற்றையும் சேர்த்துக்கொண்டு பந்திங்கைத் தாண்டுகிறது. கடலுக்குப் போகுமுன் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை வடமேற்கே வளைந்து போகிறது. இன்னொன்று நேராகத் தெற்கே கடலில் விழுகிறது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட நிலம்தான் கேரித் தீவு. பிரியும் இடத்துக்குப் பக்கத்தில், சுற்றிலும் மட்டமான சேற்று நிலமாக இருக்க, ஒரே ஒரு குன்று மட்டும் தனித்து நிற்கிறது. அதுதான் புக்கிட் ஜுக்ரா. அதன் அடிவாரத்திலும் ஆற்றோரத்திலும் இருக்கும் சின்னக் கம்பங்கள்தான் ஒரு காலத்தில் சிலாங்கூர் சுல்தானின் தலைநகர்.

தமிழர்களில் பலருக்கு ஜுக்ரா என்பது தோட்டத்தின் பெயராகவும் தமிழ்ப்பள்ளியின் பெயராகவும்தான் அறிமுகம். சுல்தானின் ஊர் என்று தெரிந்தவர்கள் குறைவு. கப்பற்காரர்களின் ஊர் என்று தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு.

மாலுமிகள் தேடிய மலை

மலாக்கா நீரிணையில் கப்பல் ஓட்டுவதில் பெரிய ஆபத்து புயல் அல்ல, மணல்திட்டு. சிலாங்கூர்க் கரைக்கு எதிரே வடக்கு மணல், தெற்கு மணல் என்று நீண்ட திட்டுகள் தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன. மேலே பார்த்தால் திறந்த கடல். அடியில் ஆள் உயரத்துக்குச் சற்றுக் கூடுதலான ஆழமே உள்ள இடங்களும் உண்டு. பாய்மரக் கப்பல் ஒன்று அங்கே தட்டி நின்றுவிட்டால், அடுத்த ஏற்றம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் கப்பல் உடையலாம், கொள்ளைக்காரர்கள் வரலாம்.

திட்டுகளுக்கு நடுவே வழி பிடிக்க மாலுமிக்குக் கரையில் ஓர் அடையாளம் வேண்டும். சிலாங்கூரின் இந்தக் கரையோ நெடுக ஒரே மட்டமான சதுப்புக்காடு. எங்கே பார்த்தாலும் ஒரே பச்சைக் கோடு. அந்தக் கோட்டில் எழும்பித் தெரிவது ஜுக்ரா மலை ஒன்றுதான். தூரத்திலிருந்து பார்க்கும்போது அடியில் இருக்கும் தாழ்ந்த நிலம் தெரியாது. மலை மட்டும் தண்ணீரில் மிதக்கும் தீவு போலத் தெரியும். அதனால்தான் போர்ச்சுகீசிய மாலுமிகள் இதை 'பூலோ பார்சலார்' என்று அழைத்தார்கள். பூலோ என்பது நம் பூலாவ், தீவு. 'பார்சல்' என்பது போர்ச்சுகீசிய மொழியில் மணல்திட்டு. பின்னால் வந்த டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் 'பார்சலார் மலை' என்றே தங்கள் கடல் வரைபடங்களில் குறித்தார்கள். மலை எந்தத் திசையில் தெரிகிறது என்று திசைகாட்டியில் பார்த்து, தாங்கள் திட்டைத் தாண்டிவிட்டோமா இல்லையா என்று கணித்தார்கள்.

சோழமண்டலக் கரையிலிருந்து மலாக்காவுக்குத் துணி ஏற்றி வந்த தமிழ் வணிகர்களின் கப்பல்களுக்கும் கடல்வழி இதுதான். 1511இல் மலாக்கா போர்ச்சுகீசியர் கைக்குப் போனபோது, அங்கு பெண்டஹாராவாக அமர்த்தப்பட்டவர் நினா சத்து என்ற தமிழ் வணிகர் என்றால், அந்தக் கடலில் நம்மவர்களின் போக்குவரத்து எந்த அளவுக்கு இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். வடக்கேயிருந்து மலாக்காவுக்குப் போகிற எந்தக் கப்பலும் இந்தக் கரையைக் கடக்காமல் போக முடியாது.

ஆற்றுவாயைப் பிடித்தவன் அரசன்

1857ஆம் ஆண்டை மலேசியர்கள் கோலாலம்பூரோடு சேர்த்துத்தான் நினைப்பார்கள். அந்த ஆண்டில்தான் 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில் மேலேறி அம்பாங் பக்கம் போனார்கள். அதே ஆண்டில்தான் சுல்தான் அப்துல் சமாட் சிலாங்கூரின் நான்காவது சுல்தானாக ஆட்சிக்கு வந்தார். அவர் தங்கியது கோலசிலாங்கூரில் அல்ல, கிள்ளானிலும் அல்ல, லங்காட் ஆற்றங்கரையில். முதலில் பண்டார் லங்காட்டில் இருந்தவர், 1875இல் ஜுக்ராவுக்குக் குடிமாறினார்.

ஏன் ஆற்றுவாய்? அந்தக் காலத்துச் சிலாங்கூரில் நிலவரி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. உள்ளே எங்கே ஈயம் தோண்டினாலும் அது ஆற்று வழியாகத்தான் வெளியே வர வேண்டும். ஆற்றுவாயில் நாலு பீரங்கியும் கொஞ்சம் ஆட்களும் வைத்திருப்பவர், போகிற வருகிற படகை நிறுத்தி வரி வாங்கலாம். இன்றைய டோல் சாவடி மாதிரிதான். ஒரு வித்தியாசம், வேறு சாலை கிடையாது. கிள்ளான் ஆற்றுவாய் யாருக்கு என்ற சண்டைதான் 1867இல் தொடங்கிக் கிள்ளான் போராக ஏழு ஆண்டுகள் நாட்டைப் பாழாக்கியது. சுல்தான் அந்தச் சண்டையை லங்காட்டில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். கெடாவிலிருந்து வந்த தம் மருமகன் தெங்கு கூடினுக்கு லங்காட் வருமானத்தையும் ஒப்படைத்தார்.

1873ஆம் ஆண்டு நவம்பரில் ஜுக்ரா ஆற்றுவாய்க்கு அருகே மலாக்காவைச் சேர்ந்த வணிகப் படகு ஒன்று தாக்கப்பட்டது. அதில் இருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். மலாக்கா அப்போது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்ததால், இறந்தவர்கள் பிரிட்டிஷ் குடிமக்கள். அது போதுமானதாக இருந்தது. மறு ஆண்டு ஜனவரியில் பேராக்கில் பங்கோர் உடன்படிக்கையை முடித்த கையோடு, ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க் பிப்ரவரியில் போர்க்கப்பல்களோடு லங்காட்டுக்கே வந்து நின்றார். அட்மிரல் ஷாட்வெல்லின் கப்பற்படை கூடவே வந்தது. ஜுக்ராவில் விசாரணை நடந்தது. குற்றவாளிகள் என்று தீர்ப்பானவர்களுக்கு மரண தண்டனை நிறைவேற்ற சுல்தான் தம் கெரிஸையே அனுப்பி வைத்தார்.

கொள்ளை கொள்ளைதான், செத்தவர்கள் ஏழை வணிகர்கள். ஆனால் ஆற்றுவாயில் படகை மறித்துப் பணம் வாங்குவது எப்போது வரி, எப்போது கொள்ளை என்ற கோட்டை அந்தக் காலத்தில் போட்டது யார் என்ற கேள்வியும் இருக்கிறது. பெரிய பீரங்கி வைத்திருந்தவர்கள்தான் போட்டார்கள். அதே 1874 ஆகஸ்டில் ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் என்ற இளம் அதிகாரி சுல்தானுக்குப் பக்கத்திலேயே குடியிருக்க லங்காட்டுக்கு அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டு டேவிட்சன் சிலாங்கூரின் ரெசிடெண்ட் ஆனார். சிலாங்கூர் ஆங்கிலேயர் கைக்குப் போன கதையின் முதல் பக்கம் ஒரு படகுக் கொள்ளையில் ஆரம்பிக்கிறது. பின்னாளில் எந்தத் துறைமுகத்தில் நம் பாட்டன்மார் மூட்டையோடு இறங்கினார்களோ, அந்தப் போர்ட் சுவெட்டன்ஹாமின் பெயரும் லங்காட்டில் வேலை பழகிய இந்த இளைஞருடையதுதான்.

இரண்டு ஆங்கிலேயப் பெண்கள் அந்தக் காலத்து லங்காட்டைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒருவர் 1879இல் அரசாங்க நீராவிப் படகில் விருந்தாளியாக வந்து சுல்தானைச் சந்தித்துப் போன இசபெல்லா பேர்ட். அவருடைய புத்தகம் 1883இல் வெளிவந்தது. இன்னொருவர் எமிலி இன்னஸ். கணவர் அங்கே மாவட்ட அதிகாரியாக 1876இல் அமர்த்தப்பட்டதால் ஆண்டுக்கணக்கில் அந்தச் சேற்றிலும் கொசுவிலும் வாழ்ந்தவர். பேர்டின் புத்தகத்துக்கு மறுப்பு போலவே, அந்தத் தங்கத்தின் மேற்பூச்சை உரித்துக் காட்டுகிறேன் என்ற பொருள் வரும் தலைப்பில் 1885இல் தம் நூலை வெளியிட்டார். வந்து பார்த்துவிட்டுப் போகிறவருக்கும் வாழ்ந்து பார்த்தவருக்கும் உள்ள வேறுபாடு தோட்டத்து மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ரயில் வந்தது, ஆறு தோற்றது

ஜுக்ரா எந்தப் போரிலும் அழியவில்லை. அதைத் தோற்கடித்தது தண்டவாளம்.

ஆங்கிலேயர்கள் ஆட்சித் தலைமையகத்தை 1880இல் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாற்றினார்கள். 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளான் பக்கத்தையும் ரயில் இணைத்தது. 1897இல் ரயில் காஜாங்குக்கும் வந்துவிட்டது. அதன்பிறகு காஜாங்கிலிருந்து ஒரு மூட்டை வெளியே போக வேண்டுமென்றால், வளைந்து வளைந்து போகும் ஆற்றில் ஏற்றம் வடிவம் பார்த்துப் படகு தள்ள வேண்டிய தேவை இல்லை. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் திறந்ததும் பெரிய கப்பல்களுக்கு ரயிலோடு சேர்ந்த துறைமுகம் கிடைத்தது.

காலத்தையும் கவனிக்க வேண்டும். காஜாங்கின் இஞ்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் 1890களின் நடுவில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார்கள். மலாயாவில் அப்படி நட்டதில் அதுவே முதல் என்று சொல்லப்படுகிறது. அந்தக் கன்றுகள் வளர்ந்து பால் தருவதற்குள் ரயில் வந்துவிட்டது. காஜாங் ரப்பர் ஆற்றை நம்பி இருக்கவே இல்லை. ரப்பர் ஓர் இருபது ஆண்டு முன்னால் வந்திருந்தால், ஜுக்ரா இன்று வேறு மாதிரி ஊராக இருந்திருக்கும்.

கோலாலம்பூர் மெர்டேக்கா சதுக்கத்துக்கு எதிரே மணிக்கூண்டோடு நிற்கும் கட்டடத்தைத் தெரியாதவர் இல்லை. அது 1897இல் கட்டி முடிக்கப்பட்ட அரசாங்க அலுவலகம். பின்னாளில் அதற்குச் சுல்தான் அப்துல் சமாட் பெயர் சூட்டப்பட்டது. அந்தச் சுல்தானோ கடைசிவரை ஜுக்ராவை விட்டு நகரவில்லை. 1898 பிப்ரவரியில் காலமாகி, ஜுக்ரா மலையிலேயே அடக்கமானார். அவர் பெயர் தாங்கிய கட்டடத்தின் முன்னால் தினமும் ஆயிரம் பேர் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர் வாழ்ந்த ஊருக்கு வருகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அவருக்குப் பின் வந்த சுல்தான் அலாவுடின் சுலைமான் ஷா, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜுக்ராவில் இஸ்தானா பண்டாரைக் கட்டினார். அருகிலேயே மஞ்சள் நிறத்தில் ஓர் அழகிய பள்ளிவாசலும் எழுந்தது. சுமத்ராவின் மேடான் பக்கத்துக் கட்டடக் கலையின் சாயல் அதில் தெரிகிறது. நீரிணைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே முற்றம் போல மக்கள் போய்வந்த காலத்தின் அடையாளம் அது. 1938இல் அந்தச் சுல்தான் மறைந்த பின் அரண்மனை ஆளின்றிப் போனது. மாவட்ட அலுவலகமும் தெலுக் டத்தோ பக்கம் போய்விட்டது. கடைகளும் கூட்டமும் பந்திங்கோடு போயின.

கேரித் தீவும் நம்மவர்களும்

அரசர்கள் போன பிறகு அந்தக் கரைக்கு வந்தவர்கள் தமிழர்கள். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறியவர்கள் பினாங்கு வழியாக வந்து போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கினார்கள். ஜுக்ரா மலை அதற்கும் தெற்கே என்பதால், பழைய மாலுமிகள் தேடிய அந்த மலையைக் கடலிலிருந்து அவர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. தரைவழியே அதன் அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

கரையோரத் தோட்டம் என்பது காஜாங், செமினி பக்கத்து மேட்டுத் தோட்டம் போன்றதல்ல. கேரித் தீவு போன்ற இடங்களில் நிலம் கடல் ஏற்றத்துக்குக் கீழே இருக்கிறது. முதலில் மண்கரை எழுப்பிக் கடலை வெளியே நிறுத்த வேண்டும். பிறகு வரிசை வரிசையாகக் கான் வெட்டி உள்ளே இருக்கும் தண்ணீரை வடிக்க வேண்டும். வாய்க்கால் முனையில் கதவு வைத்து, வடிவத்தில் திறந்து ஏற்றத்தில் அடைக்க வேண்டும். கதவு அடைக்க மறந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே வந்து மரம் பட்டுப்போகும். முழங்கால் சேற்றில் நின்று கான் வெட்டியவர்களுக்கும் மற்ற கூலிகளுக்கும் மலேரியா கூடவே இருந்தது. தீவுக்குப் பாலம் வருமுன் மருத்துவமனைக்குப் போவதும், உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போவதும் படகில்தான். மாலுமிகளின் ஊர் மறைந்தாலும் தண்ணீர்க் கணக்குத் தெரிந்த வாழ்க்கை அந்தத் தோட்டங்களில் தொடர்ந்தது.

எழுத்தாளர் அ. ரெங்கசாமி தம் நாவலுக்கு 'லங்காட் நதிக்கரை' என்றே பெயர் வைத்தார். இந்த ஆறு தமிழ் இலக்கியத்தில் ஏறியது அப்படித்தான். ஆனால் ஜுக்ராவின் கப்பற்காலத்தைத் தமிழில் முழுதாக எழுதி வைக்க வேண்டிய வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

இவர்கள் எல்லோருக்கும் முன்பே அங்கே இருந்தவர்கள் மா மேரி பூர்வகுடி மக்கள். கேரித் தீவில் சுங்கை பும்புன் கம்பத்தில் இன்றும் வாழ்கிறார்கள். அவர்களுடைய மரமுகமூடிகள் உலகப் புகழ் பெற்றவை. ஆண்டுதோறும் கடற்கரையில் கடல் தெய்வங்களுக்கு நன்றி சொல்லும் சடங்கும் நடத்துகிறார்கள். இந்தக் கரையின் கடல் வரலாறு புத்தகத்தில் இருப்பதைவிட அவர்களிடம் அதிகம் இருக்கக்கூடும்.

இன்னொரு நிகழ்ச்சியும் இந்தக் கரைக்கு உரியது. ஜப்பான் சரணடைந்த பிறகு, 1945 செப்டம்பர் 9ஆம் தேதி, பக்கத்தில் உள்ள மோரிப் கடற்கரையில்தான் நேசப் படைகள் வந்து இறங்கின. வந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியப் படைப்பிரிவுகளைச் சேர்ந்தவர்கள். வண்டிகள் சேற்றில் புதைந்துபோய்ப் பெரும்பாடு பட்டார்கள். போர் முடியாமல் இருந்திருந்தால் அந்தச் சேற்றில் எத்தனை பேர் மாண்டிருப்பார்களோ. இந்தக் கரையின் அடிமண்ணைப் பற்றிப் பழைய மாலுமிகளுக்குத் தெரிந்தது 20ஆம் நூற்றாண்டுத் தளபதிகளுக்குத் தெரியாமல் போனது.

மேலே செய்வது கீழே வரும்

காஜாங்வாசிகளுக்கு ஜுக்ரா பழங்கதை மட்டுமல்ல. 2016இல் செமினி ஆற்றில் துர்நாற்றத் தூய்மைக்கேடு ஏற்பட்டு, நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் மூடப்பட்டபோது, காஜாங், பாங்கி குடும்பங்கள் வாளியோடு தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றது நினைவிருக்கும். குழாய்த் தண்ணீர் நின்றதும் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அதே அழுக்கு ஆற்றோடு போய்ச் சேர்வது எங்கே? பந்திங்கையும் ஜுக்ராவையும் தாண்டித்தான் அது கடலுக்குப் போக வேண்டும். அங்கே வலை போடுகிறவர்கள், நண்டு பிடிக்கிறவர்கள், அவர்களிடம் வாங்கிச் சமைக்கும் ஆற்றோர உணவகங்கள் எல்லாம் அந்தத் தண்ணீரை நம்பியே இருக்கின்றன. 2021 டிசம்பர் வெள்ளத்தில் உலு லங்காட் பட்ட பாடும் தெரிந்ததே. மலையில் காடு குறைந்தால் மண் கரைந்து வரும். வந்த மண் கடைசியில் படிவது ஆற்றுவாயில். படகு போகும் ஆழம் அப்படித்தான் குறைகிறது.

இப்போது கேரித் தீவில் புதிய பெரிய துறைமுகம் ஒன்று அமைப்பது பற்றிப் பல ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. போர்ட் கிள்ளானில் இடம் போதாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அது வந்தால் நூறாண்டுக்கு மேல் கழித்துப் பெருங்கப்பல்கள் மறுபடி லங்காட் வாய்க்கு வரும். தோட்ட மக்களின் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கலாம். சதுப்புக்காடும், மா மேரி மக்களின் இடமும், தோட்டக் குடியிருப்புகளும் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக் கேட்டாக வேண்டும். தோட்டம் துண்டாடப்பட்டபோது முதலில் வீடு இழந்தவர்கள் யார் என்பது இந்தச் சமுதாயத்துக்கு மறந்திருக்காது.

போய்ப் பார்க்க விரும்புகிறவர்கள் காஜாங்கிலிருந்து பாங்கி, டிங்கில், பந்திங் வழியாகப் போகலாம். பாதையும் ஏறக்குறைய ஆற்றைப் பின்தொடர்ந்தே போகிறது. மலையடிவாரத்தில் இருந்த பழைய போலீஸ் நிலையமும் சிறையும் இப்போது அருங்காட்சியகம். சுல்தான் அப்துல் சமாட்டின் கல்லறை, பள்ளிவாசல், அரண்மனை எல்லாம் சில நிமிட தூரத்தில் இருக்கின்றன. மலை உச்சியில் கலங்கரை விளக்கம் இருக்கிறது. காற்று நன்றாக வீசும் நாளில் பாராகிளைடிங் இளைஞர்களையும் பார்க்கலாம். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் செம்பனை, நடுவே வளைந்து போகும் ஆறு, அந்தப் பக்கம் நீரிணை. போர்ட் கிள்ளானுக்குப் போகும் சரக்குக் கப்பல்கள் வரிசையாகத் தெரியும். பழைய திட்டுகள் இன்னும் அங்கேதான் தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன.